மெடிகெய்ட் நின்றால் முதல் வேலை புதிய காப்பீடு தேடுவது அல்ல

அமெரிக்காவில் 2023 ஏப்ரலில் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் 2.5 கோடிக்கும் மேற்பட்டோரின் பெயர், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கோவிட் தொடங்கிய 2020 மார்ச்சில், பெருந்தொற்று முடியும் வரை யாரையும் நீக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அந்தப் பாதுகாப்பு 2023 மார்ச் 31-ஓடு முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு மாநிலமும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஆள் ஆளாகச் சரிபார்த்தது. நீக்கப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு வருமானம் கூடிவிட்டது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. படிவம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். வந்த கடிதத்துக்குப் பதில் போயிருக்காது. சம்பளச் சீட்டு ஒன்று குறைந்திருக்கும். தகுதி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் கட்டத்துக்கே வராமல் கோப்பு மூடப்பட்டது.

நீக்கக் கடிதம் வந்தவுடன் பெரும்பாலானோர் இணையத்தில் புதிய காப்பீடு தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தினமும் மருந்து சாப்பிட்டாக வேண்டிய ஒருவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நிஜமாகவே எனக்குத் தகுதி போய்விட்டதா, அல்லது என் காகிதம் மட்டும் தவறிவிட்டதா?

மெடிகெய்ட் 1965-ல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. முதியவர்களுக்கான மெடிகேரும் அதே சட்டத்தில்தான் வந்தது; பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது இன்றும் நிற்கவில்லை. மெடிகேர் வயதையும் ஊனத்தையும் பார்ப்பது, முழுக்க ஃபெடரல் அரசுடையது. மெடிகெய்ட் முதலில் வருமானத்தைப் பார்ப்பது; ஃபெடரல் அரசும் மாநிலமும் பணம் போட, மாநிலம் நடத்துவது. அதனால் மாநிலத்துக்கு ஒரு பெயர். கலிஃபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னசியில் டென்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர். பல இடங்களில் தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் போட்ட அட்டைதான் கையில் இருக்கும். 'எனக்கு மெடிகெய்ட் எல்லாம் கிடையாது' என்று சொல்பவர்களில் சிலர் உண்மையில் மெடிகெய்டில்தான் இருக்கிறார்கள். மெடிகெய்ட் என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் நமக்கில்லை என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

நீக்கக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: காரணம், தேதி. காரணம் 'தகவல் வரவில்லை' என்ற வகையில் இருந்தால், நீக்கிய பின் 90 நாளுக்குள் அந்தப் புதுப்பிப்புப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் போதும். பெரும்பாலானோருக்குப் புது விண்ணப்பம் தேவையில்லை, மாநிலம் பழைய கோப்பிலேயே மறுபடி பார்க்க வேண்டும். காரணம் வருமானம் என்று இருந்து அந்தக் கணக்கு தவறு என்று தோன்றினால், முறையீட்டு விசாரணை கேட்கலாம். தேதி முக்கியமாவது இங்கேதான். பொதுவாகக் குறைந்தது 10 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. நீக்கம் அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே விசாரணை கேட்டு, அதுவரை காப்பீடு தொடர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தால், தீர்ப்பு வரும்வரை மெடிகெய்ட் ஓடும். தோற்றுப்போனால் அந்த இடைக்காலச் செலவை மாநிலம் திருப்பிக் கேட்க இடமிருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும். 1970-ல் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவித்தொகையை நிறுத்தும் முன் ஏழைக்கு விசாரணை தர வேண்டும் என்று சொன்னதன் நீட்சி இந்த உரிமை. கடிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்; படிப்பவர்கள் குறைவு.

வருமானம் நிஜமாகவே கூடியிருந்தாலும் மெடிகெய்டின் எல்லாக் கதவும் அடைபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே திட்டத்துக்குள் பல வழிகள் உண்டு. ஒபாமா காலத்துச் சட்டப்படி 2014-லிருந்து வந்த விரிவாக்கம் வருமானத்தை மட்டும் பார்க்கிறது: வறுமைக்கோட்டின் 138 சதவீதம், தனி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 22,000 டாலர். அதைத் தாண்டினால் அந்த வழி போச்சு. ஆனால் ஊனமுற்றோருக்கான வழி தனி. வேலை பார்க்கும் ஊனமுற்றோர் ஒரு சிறு கட்டணம் கட்டி மெடிகெய்டில் தொடரும் திட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. பல மாநிலங்களில், மருத்துவச் செலவை வருமானத்திலிருந்து கழித்துப் பார்த்து மிச்சம் வரம்புக்குள் வந்தால் சேர்த்துக்கொள்ளும் வழியும் உண்டு; மாதாமாதம் பெரிய பில் வரும் நோயாளிக்கு அது பொருந்தலாம். ஒருவரை நீக்குமுன் இப்படி வேறு எந்த வகையிலாவது தகுதி இருக்கிறதா என்று மாநிலமே பார்க்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. பார்க்கிறார்களா என்றால், கோப்பில் நோய் பற்றி ஒன்றுமே இல்லாதபோது எதை வைத்துப் பார்ப்பார்கள்? வருமானத்தை வைத்துச் சேர்ந்தவரிடம் நோயைப் பற்றி அதிகம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு வருமான வரம்பு பெற்றோருடையதைவிட மிக உயரம். அப்பா அம்மாவுக்கு நின்றாலும் பிள்ளைக்கு மெடிகெய்டோ, 1997-ல் வந்த சிப் என்ற குழந்தைகள் திட்டமோ தொடரும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்கே நின்றுவிட்டது என்று நினைத்து ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலரையும் சேர்த்து நிறுத்திவிடக் கூடாது.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, தகுதி இல்லைதான். இப்போது அடுத்த காப்பீடு. ஓர் ஆளை வைத்துப் பேசுவோம். ஒஹாயோவில் ஒரு பேக்கரியில் வேலை, தனி ஆள், முதல் வகை நீரிழிவு. மணி நேரம் கூடியதால் ஆண்டு வருமானம் 20,000-லிருந்து 23,000 டாலர் ஆகிவிட்டது. மெடிகெய்ட் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இன்சுலின் இல்லாமல் சில நாட்கள்கூடத் தாங்காத நோய்.

இவர் கடிதம் வந்த மாதத்திலேயே மார்க்கெட்பிளேஸ் எனப்படும் அரசு காப்பீட்டுச் சந்தையில் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மெடிகெய்ட் முடியும் மறுநாளே, அதாவது அடுத்த மாதம் முதல் தேதியே, புதியது தொடங்கும். இடைவெளியே இருக்காது. ஒரு வாரம் தள்ளிப்போட்டு அடுத்த மாதம் 5-ஆம் தேதி தேர்ந்தெடுத்தால் அதற்கும் அடுத்த மாதம் முதல் தேதிதான் தொடங்கும். முழுதாக ஒரு மாதம் வெறுங்கை. மெடிகெய்ட் இழந்தவர்களுக்குச் சேர ஃபெடரல் தளமான ஹெல்த்கேர் டாட் கவ்வில் 90 நாள் அவகாசம் தருகிறார்கள். சொந்தமாகச் சந்தை நடத்தும் மாநிலங்களில் நாள் கணக்கு மாறலாம். அந்த 90 நாளைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் ஆபத்து. அது சேர்வதற்கான கெடு மட்டுமே; அந்த நாட்களில் காப்பீடு ஒன்றும் ஓடிக்கொண்டிருக்காது. முதல் மாத பிரீமியத்தைக் கட்டும்வரை திட்டம் உயிர் பெறாது என்பது இன்னொன்று. மாநிலமே உங்கள் கோப்பைச் சந்தைக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடும் உண்டுதான். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நேரே போய் விண்ணப்பியுங்கள்.

வேலை தரும் இடத்தில் காப்பீடு உண்டா என்பதை இதற்கும் முன்னால் கேட்டுவிட வேண்டும். வேறு காப்பீட்டை இழந்தவர்களுக்கு அங்கே சேர 30 நாள் அவகாசம்; மெடிகெய்டை இழந்தவர்களுக்கு மட்டும் 60 நாள். பல இடங்களில் அலுவலகப் பணியாளர் பிரிவுக்கே இது தெரியாமல், வருஷக் கடைசியில் வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நிறுவனம் தரும் திட்டத்தில் உங்கள் பங்கு, 2026 கணக்குப்படி, வருமானத்தின் 9.96 சதவீதத்துக்குள் இருந்தால், அது உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று சட்டம் முடிவு செய்துவிடுகிறது. சந்தையில் பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் கிடையாது. நம் பேக்கரிக்காரருக்கு அது மாதம் சுமார் 190 டாலர். 185 டாலருக்குத் தகுந்த திட்டம் ஒன்றை முதலாளி நீட்டினாலே போதும், இவருக்கு மானியத்தின் கதவு மூடிக்கொள்ளும். அவர் அதில் சேராவிட்டாலும் மூடிக்கொள்ளும்.

முதலாளி எதுவும் தரவில்லை என்றால் சந்தைதான். 2014 முதல் எந்தத் திட்டமும் நோயைக் காரணம் காட்டி இவரை மறுக்கவோ, கூடுதலாகக் கேட்கவோ முடியாது. அந்தப் பயம் தேவையில்லை. பயப்பட வேண்டியது திட்டங்களின் உலோகப் பெயர்களுக்கு. பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று வரிசை. பிரான்ஸின் பிரீமியம் மிகக் குறைவு. மானியம் கழிந்து ஒன்றுமே கட்ட வேண்டாம் என்றுகூடத் திரையில் வரலாம். நாள்பட்ட நோயாளி விழும் குழி அதுதான். டிடக்டபிள் என்பது காப்பீடு கை கொடுப்பதற்கு முன் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. பிரான்ஸில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஓர் ஆண்டில் நம் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை 2026-ல் தனி ஆளுக்கு 10,600 டாலர்வரை போகலாம். எப்போதாவது காய்ச்சலுக்குப் போகிறவருக்கு அது ஏட்டில் இருக்கும் எண். ஆண்டு முழுதும் இன்சுலின், சர்க்கரை அளக்கும் சென்சார், ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை என்று இருப்பவர் அதை நோக்கி நிச்சயமாக நடந்துகொண்டிருக்கிறார்.

சில்வரில் ஒரு ரகசியம் போல ஒளிந்திருக்கும் சலுகை உண்டு. வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் சில்வர் எடுத்தால், பிரீமிய மானியம் தவிர, டிடக்டபிளும் மருந்துக்கான பங்கும் குறைந்துவிடும். 150 சதவீதத்துக்குள் இருந்தால் செலவில் சராசரியாக 94 சதவீதத்தைத் திட்டமே ஏற்கும், பிளாட்டினமே 90-தான். உச்சத் தொகை 10,600-க்குப் பதில் அதிகபட்சம் 3,500. 23,000 டாலர் என்பது 147 சதவீதம், ஆக நம் ஆளுக்கு இது கிடைக்கும். பிரான்ஸ் எடுத்தால் கிடைக்காது, கோல்டு எடுத்தாலும் கிடைக்காது.

விலைதான் மாறிவிட்டது. 2021-ல் கூட்டிய மானியம் 2025 டிசம்பரோடு முடிந்தது. அதுவரை இவர் வருமானத்தில் இருப்பவருக்கு, மானியத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அளவுகோல் சில்வர் திட்டம் இலவசம். 2026 அட்டவணைப்படி வருமானத்தில் சுமார் 4 சதவீதம் கட்ட வேண்டும், அதாவது மாதம் 77 டாலர் அளவில். மெடிகெய்டில் ஒரு காசு கட்டாமல் இருந்தவருக்கு இது சின்னத் தொகை அல்ல. இருந்தாலும் பிரான்ஸுக்கு ஓடாமல் இந்த 77-ஐக் கட்டுவதுதான் இந்த நோய்க்குச் சரியான கணக்கு என்பேன். வருமானத்தை எவ்வளவு என்று சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். குறைத்துச் சொல்லி மானியம் அதிகமாக வாங்கியிருந்தால், முன்பு திருப்பிக் கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரியாண்டிலிருந்து அந்த வரம்பு இல்லை. கூடுதலாக வாங்கியது மொத்தமும் வரியோடு திரும்பப் போகும். மணி நேரக் கூலிக்காரருக்கு ஆண்டு வருமானத்தை முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இந்த விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வருமானம் மாறும்போதெல்லாம் தளத்தில் போய்த் திருத்துவது ஒன்றே வழி.

திட்டத்தை அமுக்கிச் சேர்வதற்கு முன் அதன் மருந்துப் பட்டியலைத் திறந்து உங்கள் மருந்தின் பெயரைத் தேட வேண்டும். இன்சுலின் உண்டா என்று பார்த்தால் போதாது. எந்த நிறுவனத்தின் இன்சுலின், எந்த சென்சார் என்று பார்க்க வேண்டும். மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விலை உயர்ந்த மருந்துக்குக் காப்பீட்டிடம் முன்கூட்டியே வாங்கும் முன் அனுமதியை மெடிகெய்டில் ஒருமுறை வாங்கியிருப்பீர்கள். புதிய நிறுவனத்திடம் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து. 'முதலில் விலை குறைந்த மருந்தைப் போட்டுப் பார், சரிவராவிட்டால் இது' என்று படிப்படியாக ஏறச் சொல்வதும் உண்டு. அந்தப் படிகளை நான்கு வருஷம் முன்பே ஏறி முடித்தவர் என்பதற்கான குறிப்பு பழைய மருத்துவரின் கோப்பில்தான் இருக்கும். மெடிகெய்ட் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கோப்பின் நகலை வாங்கி வைப்பது நல்லது. கடைசி வாரத்தில் மருந்தையும் புதுப்பித்து வாங்கிவிடலாம். ஒரு மாத மருந்து கையில் இருந்தால் பல குளறுபடிகளைக் கடந்துவிட முடியும். உங்கள் மருத்துவர் புதிய திட்டத்தின் மருத்துவர் பட்டியலில் (நெட்வொர்க்) இல்லை என்றால், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைக் கொஞ்ச காலம் அவரிடமே தொடர அனுமதி கேட்டுப் பார்க்கலாம், கேட்டால்தான் தருவார்கள்.

இந்த மாற்றத்தில் கிடைக்கும் ஒரே லாபம் மருந்து நிறுவனங்களின் சலுகை அட்டை. அரசு காப்பீட்டில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தச் சட்டம் விடாது. சந்தைத் திட்டத்துக்கோ வேலையிடத் திட்டத்துக்கோ வந்துவிட்டால் பொதுவாகப் பயன்படுத்தலாம். விலை உயர்ந்த ஊசி மருந்துகளில் நம் பங்கு இதனால் வெகுவாகக் குறையும். ஆனால் சில திட்டங்கள் அட்டை கட்டிய பணத்தை டிடக்டபிள் கணக்கில் சேர்ப்பதில்லை. அட்டைப் பணம் ஆண்டு நடுவில் தீர்ந்ததும் முழு டிடக்டபிளும் நம் தலையில் புதிதாக வந்து விழும். உங்கள் மாநிலம் இதைத் தடை செய்திருக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

தேடத் தொடங்கிய உடனே தொலைபேசியில் அழைப்புகள் வரும். பாதி விலைக்குக் காப்பீடு என்பார்கள். அதில் பல குறுகிய காலத் திட்டங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தர மாட்டோம் என்று அவற்றால் சட்டப்படியே சொல்ல முடியும். மத அமைப்புகளின் பெயரில் வரும் 'செலவுப் பகிர்வு' திட்டங்கள் காப்பீடே அல்ல, பணம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. நாள்பட்ட நோயாளிக்கு இவை இரண்டுமே உதவாது. இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று நடுநிலையாக எழுத எனக்கு மனமில்லை.

சந்தையும் கை கொடுக்காத ஒரு கூட்டம் உண்டு. 2012-ல் உச்ச நீதிமன்றம் மெடிகெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா உள்ளிட்ட பத்து மாநிலங்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. சந்தை மானியமோ வறுமைக்கோட்டின் 100 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருக்கும், பிள்ளை இல்லாத, ஊனச் சான்று இல்லாத ஒருவருக்கு டெக்சஸில் இரண்டும் கிடையாது. இருப்பதிலேயே ஏழைக்குத்தான் உதவி இல்லை.

கிரீன் கார்டில் அப்பா அம்மாவை வரவழைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 1996-ன் சட்டப்படி கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு ஆகும்வரை பெரியவர்களுக்கு ஃபெடரல் மெடிகெய்ட் பொதுவாகக் கிடையாது. சில மாநிலங்கள் சொந்தப் பணத்தில் சேர்த்துக்கொண்டன. அது மாநில பட்ஜெட்டைப் பொறுத்து நிற்கவும் செய்யும். அந்த ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்களின் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் முன்பு சந்தையில் மானியம் கொடுத்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து அது இல்லை. பெற்றோரை உங்கள் வரிக் கணக்கில் சார்ந்தவர்களாகக் காட்டினால் உங்கள் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும், கணக்கே மாறும். 65 வயதாகி, கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து தங்கியவர்கள் மெடிகேரைப் பணம் கட்டி வாங்கலாம்.

காப்பீடு கிடைக்கும்வரை மருந்துக்கு என்ன செய்வது? ஃபெடரல் நிதி பெறும் சமுதாய நல மையங்கள் நாடெங்கும் ஏறத்தாழ 1,400 அமைப்புகளாக இயங்குகின்றன. பணம் கட்ட முடியாது என்பதற்காக அவை யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வறுமைக்கோட்டின் 200 சதவீதத்துக்குள் இருந்தால் கட்டணம் வருமானத்துக்கேற்பக் குறையும். மருந்தையும் தள்ளுபடி விலையில் வாங்கித் தர அவற்றால் முடியும். லில்லி, சனோஃபி, நோவோ நார்டிஸ்க் ஆகிய மருந்து நிறுவனங்கள் மூன்றுமே காப்பீடு இல்லாதவர்களுக்கு மாதம் 35 டாலர் என்ற அளவில் இன்சுலின் திட்டம் வைத்திருக்கின்றன. எச்ஐவி மருந்துக்கு ரையன் ஒயிட் திட்டம் தனியாக உண்டு. அவசரமாக மருத்துவமனையில் சேர நேர்ந்துவிட்டால், லாப நோக்கில்லாத மருத்துவமனை எழுத்துபூர்வமான நிதியுதவி விதி வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம். பில்லைக் கடன் அட்டையில் தேய்ப்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். மெடிகெய்ட் திரும்பக் கிடைத்தாலும் ரசீதுகளைத் தூக்கிப் போட வேண்டாம்: பல மாநிலங்களில் விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதச் செலவுவரை அது பின்னோக்கி ஏற்கும்.

2027-லிருந்து நிலைமை கடினமாகப் போகிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, விரிவாக்கத்தின் வழியாக மெடிகெய்டில் இருக்கும் 19 முதல் 64 வயதுக்காரர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூக சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இருந்த தகுதிச் சரிபார்ப்பு அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகும். மூன்று மாதப் பின்னோக்கிய செலவு அவர்களுக்கு ஒரு மாதமாகச் சுருங்கும். வேலை நிபந்தனையில் தவறி நீக்கப்பட்டவருக்குச் சந்தை மானியமும் கிடையாது என்பது இதில் மிகக் கொடுமையான பகுதி. மேலே சொன்ன சில்வர் வழி அவருக்கு அப்படியே மூடப்படும்.

இது எப்படிப் போகும் என்பதற்கு ஆர்கன்சா ஒரு முன்னுதாரணம். 2018-ல் அங்கே இதே நிபந்தனையைக் கொண்டுவந்தபோது, வேலை நேரத்தை இணையத்தில்தான் பதிய வேண்டும் என்றார்கள். அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத் திறக்கும். சில மாதங்களில் 18,000 பேர் வெளியே போனார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் பார்த்ததில், வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடவே இல்லை. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள், அல்லது விலக்குக்கு உரியவர்களாக இருந்தார்கள்.

புதிய சட்டத்திலும் உடல்நலம் குன்றியவர்களுக்கு விலக்கு இருக்கிறது. தீவிரமான அல்லது சிக்கலான நோய் உள்ளவர்கள் அதில் வருவார்கள். யார் அதற்குள் என்பதுதான் கேள்வி. வலிப்பு நோய்க்காரர் மாத்திரை போடுவதால் வலிப்பு வராமல் இருக்கிறார். நீரிழிவுக்காரரின் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (ஏ1சி) ஏழுக்குக் கீழே இருக்கிறது, பேக்கரிக்கு நடந்தே போய் வருகிறார். காகிதத்தில் இருவரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள். அவர்களை அப்படி வைத்திருப்பது மெடிகெய்ட் வாங்கித் தரும் மருந்து. அந்த மருந்தின் பலனையே சான்றாக வைத்து மருந்தை நிறுத்திவிட முடியும். ஆகவே இப்போது மெடிகெய்டில் இருக்கும் நோயாளிகள் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நோயின் பெயரை எழுதுவதோடு நிற்காமல், சிகிச்சை நின்றால் எத்தனை நாளில் என்ன ஆகும், நோயால் எந்த வேலைகளைச் செய்ய முடியாது, மாதம் எத்தனை நாள் முடங்க நேர்கிறது என்பதையும் கோப்பில் எழுதச் சொல்ல வேண்டும். விலக்கைத் தீர்மானிக்கப்போகிற அதிகாரி உங்களைப் பார்க்க மாட்டார், அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.